கட்டில் சைக்கிளுக்குத் திறந்த கேட்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய விழாத் தலைவர், தென்கரைவெளி ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் பிரகதாம்பாள் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் அவர்களே! அதே மேடையை, அதே அளவு நாற்காலியில், அதே கனமுள்ள மாலையோடு அலங்கரிக்கும் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் அவர்களே! நடவை முடித்த கையோடு, சேற்றுக் காலைக் கழுவியும் கழுவாமலும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! முன்னால் இத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் வேப்பமரத்தடியில் நின்று கேட்பதே பெருமை என்று நிற்கும் இளைஞர் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவு கனிந்த வணக்கம்.

பத்திரிகைக்காரனை வாழ்த்துரைக்கு அழைத்தால் அவன் செய்திதான் வாசிப்பான். உறுதியான கடைசிச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பாதையின் குறுக்கே நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்த இரும்புக் கேட்டின் பூட்டு, இன்று மாலை நான்கு மணிக்குக் கழற்றப்பட்டது. ஆதாரம் யார்? வழிப்போக்கர் அல்ல, டீக்கடைப் பேச்சும் அல்ல. பூட்டியவரே ஆதாரம்! இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மிராசுதார் அமிர்தலிங்கம் ஐயா. பூட்டு எங்கே ஐயா என்று கேட்டேன். ஜிப்பாப் பையைத் தட்டிக் காட்டினார். பை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்குவதை நீங்களே பார்க்கலாம்.

என்ன, வேப்பமரத்தடியிலிருந்து? சாவி எங்கே என்றா? நல்ல கேள்வி. சாவி மறுபக்கத்துப் பையில் இருக்கிறதாம். இரண்டும் ஒரே பைக்குள் போகவில்லை என்பதை மட்டும் இந்த அவை குறித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பூட்டைக் கழற்றியது எது? போராட்டமா? நடத்தினோம். மனுவா? கொடுத்தோம். மறியலா? செய்தோம், கைதானோம், கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து எலுமிச்சை சாதம் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் பூட்டைக் கழற்றியது ஒரு சைக்கிள்! உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளா? அல்ல. நின்று மிதிக்கும் சைக்கிளா? அல்ல. மல்லாந்து சாய்ந்து, காலை முன்னே நீட்டி, வானத்தைப் பார்த்தபடி ஓட்டும் சைக்கிள். அதை ஓட்டியவர்தான் இன்றைய விழா நாயகி, கீழத்தெரு நீலாயதாட்சி.

முதலில் பாதையைச் சொல்கிறேன். பெரிய ரோட்டிலிருந்து ஆற்றங்கரை வரை, வாய்க்கால் ஓரமாக, அம்பு விட்டது போல ஒரு பாதை. இருபுறமும் ஐயாவின் வயல். கீழத்தெருவில் ஒரு சாவு விழுந்தால் அந்த வழியாகத்தான் எடுத்துப் போவார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் கீழத்தெருக்காரர்கள் சிலர், தாங்கள் உழுகிற நிலத்துக்குத் தங்களைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்யக் கேட்டார்கள். சட்டம் இருந்தது, பதிவும் ஆயிற்று. ஐயாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தை நிலத்தில் காட்ட முடியவில்லை, பாதையில் காட்டினார். கேட் போட்டார். 'தனியார் பாதை' என்று போர்டு வைத்தார். அன்று முதல் கீழத்தெருவின் பாடைகள் பாதையில் போகவில்லை. பக்கத்து வாய்க்காலில், இடுப்பளவுத் தண்ணீரில், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் போயின.

நீலாயதாட்சியின் மாமியாரும் அப்படித்தான் போனார். நடுவாய்க்காலில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்தது. கரையில் நின்ற நீலாயதாட்சி அதைப் பார்த்தார். "எங்க தெருவுல இன்னொரு சாவு தண்ணியில போகக் கூடாதுங்க" என்று அன்று என்னிடம் சொன்னார்.

தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். அங்கே ஐயா சொன்ன வாசகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அந்த வழியா ஒரு பொணம் போயி நான் பாத்ததில்லைங்க. எங்க அப்பாரும் பாத்ததில்லை. பழக்கப் பாதைன்னா நிரூபிக்கட்டும்!" எப்படி நிரூபிப்பது? போனவர்கள் திரும்பி வந்து சாட்சி சொல்வார்களா? வாய்தா மேல் வாய்தா. கோப்பு தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது, கோட்டாட்சியரிடமிருந்து தாசில்தாருக்கு வந்தது. அந்தக் கோப்பு மட்டும் எந்தக் கேட்டிலும் தடைபடாமல் போய்வந்தது!

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். எப்போது வருவாய் என்று, தாய்மார்கள் நடுவே இருக்கும் கீழத்தெரு எல்லையம்மாள் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீலாயதாட்சி வைக்கோல் போரிலிருந்து வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டவர். டாக்டர், குனியாதே, தூக்காதே, சைக்கிளில் குனிந்து உட்காராதே என்றார். கூட நின்ற கணவர் காயாரோகணம், நாகப்பட்டினத்தில் விசைப்படகுப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர், அடக்கமாக ஒரு சந்தேகம் கேட்டார். "சாஞ்சுக்கிட்டு ஓட்டலாமாங்க?" டாக்டர் சிரித்தபடி, "சாஞ்சு ஓட்டுற சைக்கிள் இருந்தா தாராளமா ஓட்டட்டும்" என்றார்.

டாக்டர் சொன்னது வேடிக்கை. காயாரோகணம் அதை வைத்தியமாக எடுத்துக்கொண்டார்! மாத்திரை வாங்கப் போகிறவர் போல நேரே பட்டறைக்குப் போனார். படகுக்கு வாங்கிய குழாயில் மிச்சம், இரண்டு பழைய சைக்கிள், ஒன்றோடொன்று கோத்த செயின்கள், மீன்வலைக்கு முறுக்கும் நைலான் கயிறு. அந்தக் கயிற்றால் சாய்வு இருக்கை பின்னினார். மிதிக்கட்டை கீழே இல்லை, முன்னால், இடுப்புக்கு மேலே. ஹேண்டில் நெஞ்சுக்கு நேரே. அதில் சாய்ந்து படுத்தால் முதலில் தெரிவது இரண்டு உள்ளங்கால். அதன் பிறகுதான் மனுஷி. உலகத்தில் இதற்கு என்ன பெயரோ, நம் ஊரில் அதன் பெயர் கட்டில் சைக்கிள்.

அது எளிதில் ஓடுமா? மெதுவாகப் போனால் விழும். வேகமாகப் போனால் விழாமல் நிற்கும். ஆனால் வேகம் வரும் முன்னே விழுந்துவிடும்! காயாரோகணம் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்து தள்ளிவிட வேண்டும். களத்தில் பழகினார்கள். ஒருநாள் வாத்துக் கூட்டத்துக்குள் போனது, மறுநாள் எருக்குழிக்குள் போனது. எல்லையம்மாள் அவர்களே, அன்றைக்கு நீங்கள் களத்து மேட்டில் நின்று கேட்டதைச் சொல்லட்டுமா? தலையை ஆட்டுகிறார். சொல்கிறேன்.

"ஏண்டி நீலா, முதுகு நோவுதுன்னா ஊட்டுல படு. ரோட்டுல எதுக்குடி படுத்துக்கிட்டுத் திரியிற?"

"ஊட்டுல படுத்தா களை பறிக்க வான்னு நீ வந்து கூப்புடுவ அத்தாச்சி. இதுல படுத்தா உன்னால புடிக்க முடியாதுல்ல!"

"கொழுப்புடி உனக்கு! அந்தத் திருப்பத்துல எருக்குழி இருக்கு, பாத்துப் போ!"

எச்சரிக்கை கொஞ்சம் தாமதமாக வந்தது என்பது நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம்.

வேகம் பிடித்துவிட்டால் அந்தச் சைக்கிள் என்ன செய்கிறது? நம்மூர்க் காற்று நம் எல்லோரையும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அவரை மட்டும் தள்ள முடியாமல் மேலே தடவிக்கொண்டு போய்விடும். நிமிர்ந்து மிதிக்கிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில், அவர் படுத்தபடியே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தாண்டுவார். சேதி பரவிற்று. மாவட்ட சைக்கிள் சங்கத்து ஆரோக்கியம் வந்து பார்த்தார். கையில் நிறுத்துக்கடிகாரத்தோடு பிறந்தவரோ என்று நினைக்க வைக்கும் மனிதர் அவர். நடத்துவது கடிகாரப் பந்தயம். கும்பலாக ஓடுவதில்லை. ஒருவர் போன பிறகு ஒருவர், தனித்தனியாக, ஒரு கிலோமீட்டர். எதிரி பக்கத்தில் வரமாட்டான், கடிகாரத்துக்குள் இருப்பான். ஆரோக்கியம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு சக்கரம் இருக்கணும், மனுசன் மிதிக்கணும். படுக்கக் கூடாதுன்னு எங்கயும் போடலைங்க."

சரி, பந்தயத்தை எங்கே வைப்பது? மாதம் புரட்டாசி. பெரிய ரோட்டில் பாதி வரை குறுவை நெல் காய்கிறது, மீதிப் பாதியில் வைக்கோல் கிடக்கிறது. அரசுப் பேருந்தே நெல்லுக்கு ஒதுங்கித்தான் போகிறது, சைக்கிள் எம்மாத்திரம்? இந்த வட்டாரத்தில் நேரான, வழவழப்பான, நெல் காயாத ஒரு கிலோமீட்டர் ஒன்றே ஒன்றுதான். ஐயா தன் டிராக்டருக்காகத் தார் போட்டு வைத்திருந்த அதே பாதை!

தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். ஐயா உடனே சம்மதித்தார். ஏன்? வக்கீல் யோசனை. "நீங்க அனுமதி குடுத்தாத்தான் அவங்க ஓட்டுறாங்கன்னா, பாதை உங்களுதுன்னு ஊரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." ஆகவே பாதை முகப்பில் பேனர் ஏறியது: 'பாதை உபயம்: மிராசுதார் அமிர்தலிங்கம்'. அதன் கீழே, 'இன்று ஒரு நாள் மட்டும்'. பந்தயம் கேட்டுக்குச் சற்று முன்னாலேயே முடியும். கேட் திறக்கப்படாது. இது ஐயா போட்ட நிபந்தனை. நீலாயதாட்சி பெயர் கொடுக்கும்போது சொன்னார்: "கப்பு கெடைக்குதோ இல்லையோ, அந்தக் கேட்டு வரைக்குமாவது ஒரு தடவ போயி பாத்துடுறேங்க."

பந்தய நாள் வந்தது. கொடியசைக்க ஆளுங்கட்சி ஒரு கொடி கொண்டுவந்தது, எதிர்க்கட்சி ஒரு கொடி கொண்டுவந்தது. யார் முதலில் அசைப்பது என்ற வாக்குவாதத்தில் முதல் வீரர் எந்தக் கொடியும் அசையாமலேயே கிளம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டார். மேடையில் இருக்கும் இருவரும் சிரிக்கிறார்கள், நன்றி. அன்று சிரிக்கவில்லை.

முடிவுக் கோட்டின் அருகே பந்தல். ஐயா கையில் மைக். ஓட்டத்தை அவரே வர்ணிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பக்கத்தில் வருவாய் ஆய்வாளர், இலையில் வடையோடு. எதிரே கீழத்தெருத் தப்பாட்டக் குழு, வீரர்களுக்கு வேகம் ஏறும்படி தப்படிக்க. வெயில் ஏறிற்று. ஒவ்வொரு வீரருக்கும் நடுவே இடைவெளி. காலையில் நெய்ப் பொங்கல். ஐயாவின் வர்ணனை மெல்ல மெல்லத் தேய்ந்து, மைக் வழியாக ஊர் முழுக்க ஒரு சீரான குறட்டை ஒலிபரப்பாயிற்று. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

கடைசி ஆள் நீலாயதாட்சி. கிளம்பும் இடத்தில் தெருப் பெண்கள் பாசத்தில் ஒரு பெரிய சாமந்தி மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். காயாரோகணம் தள்ளிவிட்டார். சைக்கிள் கிளம்பிற்று. ஆடிற்று, அசைந்தது, நிமிர்ந்தது, பறந்தது!

தாய்மார்களே, மனக்கண்ணால் பாருங்கள். பாதையின் கோடியில் ஒன்று வருகிறது. கால் முன்னே, தலை பின்னே. மல்லாந்த உடம்பு. மார்பு நிறைய மாலை. முகம் வானத்தைப் பார்த்து. தப்பாட்டக் குழுவுக்குச் சொல்லியிருந்தது வேக அடி. ஆனால் எத்தனை தலைமுறை விரல்கள் அவை? அந்தக் கோலத்தைக் கண்டதும் யார் சொல்லையும் கேட்காமல் சாவு அடிக்குத் தாமாகவே மாறிவிட்டன.

அந்த அடி காதில் விழுந்ததும் ஐயா கண் திறந்தார். என்ன பார்த்தார்? இரண்டு உள்ளங்கால்களைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். அவ்வளவுதான். எழுந்தார். செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பாதைக்கு இடம் விட்டு, வெள்ளை வேட்டியோடு, நட்ட வயலின் சேற்றுக்குள் இறங்கி நின்று கைகூப்பினார். கூப்பிய கைக்குள் மைக். அந்த மைக்கில் அவர் போட்ட சத்தம் பெரிய ரோடு வரை கேட்டது.

"டேய் அய்யாக்கண்ணு! கேட்டத் தொறந்து விடுடா, போகட்டும்! பாத்துடா, பக்கிரி போனப்ப மதகுல இடிச்ச மாதிரி இடிச்சிடாதீங்கடா! நல்லாத் தூக்கிப் புடிங்க!"

காவல்காரர் அய்யாக்கண்ணு சாவியோடு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். சைக்கிள் முடிவுக் கோட்டைத் தாண்டிற்று, கேட்டைத் தாண்டிற்று, நேரே சுடுகாட்டில் போய்த்தான் நின்றது!

பக்கிரி யார்? வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பக்கிரி நீலாயதாட்சியின் மாமனார். கேட் போடுவதற்கு முன் அந்தப் பாதையில் போன கடைசிப் பாடை அவருடையது. ஒரு பிணம்கூடப் போனதில்லை என்று அலுவலகத்தில் அடித்துச் சொன்ன வாய், எந்தப் பிணம் எந்த மதகில் இடித்தது என்று ஊரறிய ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டது! வருவாய் ஆய்வாளர் வாய்க்குக் கொண்டுபோன வடை அங்கேயே நின்றுவிட்டது. எந்தப் புலனாய்வும் கண்டுபிடிக்காத சாட்சியைத் தூக்கமும் நெய்ப் பொங்கலும் சேர்ந்து கண்டுபிடித்தன.

அன்று சுடுகாட்டில், சைக்கிளை விட்டு இறங்காமல் சாய்ந்து கிடந்த நீலாயதாட்சியிடம் நான் கேட்டேன்.

"பிரேக் இல்லையாம்மா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் ஏன் பிடிக்கலை?"

"கேட்டு தொறந்திருந்துச்சுங்க."

கைதட்டுங்கள், தடுக்கவில்லை. ஆனால் தட்டிய பிறகு ஒன்றை யோசியுங்கள்.

அந்தப் பெண் நடந்து வந்தபோது இந்த ஊர் எழுந்து நின்றதா? தலைச்சுமையோடு வந்தபோது ஒதுங்கி வழி விட்டதா? மனுவோடு வந்தபோது நாற்காலி போட்டதா? இல்லை, இல்லை, இல்லை! படுத்துக்கொண்டு வந்தபோதுதானே செருப்பு கழன்றது! செத்துவிட்டாள் என்று நினைத்தபோதுதானே துண்டு இறங்கிற்று! உயிர் போன பிறகு சேற்றில் இறங்கி நின்று கைகூப்பத் தெரிந்த நமக்கு, உயிரோடு வருகிறவருக்கு ஓரடி ஒதுங்கத் தெரியாதா? ஐயாவின் கை பொய் சொல்லவில்லை. ஐயாவின் கால் பொய் சொல்லவில்லை. வழக்கும் வக்கீலும் கோபமும் வருவதற்கு முன்னால் அவருக்குள் இருந்த மனிதன் எழுந்து வழிவிட்டான். அந்த மனிதனை மறுபடி தூங்கவைக்க வேண்டாம் என்பதே இந்த மேடையின் வேண்டுகோள்!

அடுத்த பேச்சுவார்த்தையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். தாசில்தார் பணிவாகத்தான் கேட்டார்: "ஐயா, மதகுல இடிச்ச பக்கிரி யாருங்க?" ஐயா மின்விசிறியைப் பார்த்தார். வக்கீல் இருமினார். பிறகு ஐயா சொன்னார்: "இடிச்சது நெசந்தாங்க. ஒரு பக்கம் சாஞ்சுது. நாந்தான் ஓடிப்போயி கைகுடுத்துப் புடிச்சேன்." கீழத்தெருக்காரர் ஒருவர் மெதுவாக, "ஆமாங்க, புடிச்சீங்க" என்றார். அதன் விளைவுதான் இப்போது ஜிப்பாப் பையில் தொங்குகிறது.

நேரமாகிறது என்று தலைவர் அம்மையார் மணிக்கட்டைப் பார்க்கிறார். முடிக்கிறேன். முடியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. பூட்டுதான் கழன்றது, ஆணை இன்னும் வரவில்லை. இது பழக்கப் பாதை என்று கோட்டாட்சியர் எழுத்தில் தர வேண்டும். கோப்பு கையெழுத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது, வரும் புதன்கிழமை கிடைக்கும் என்று அவர் அலுவலகத்தில் சொல்கிறார்கள். கிடைக்கும் வரை பூட்டு, சாவி இரண்டும் ஐயாவின் பைகளில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மற்றொன்று. இது பாராட்டு விழா, ஆனால் ஜெயித்தாரா என்பது இன்னும் தெரியாது! அன்றைக்குக் கடிகாரம் பிடித்த ஆரோக்கியம் அவர்களும் அந்தக் கோலத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றிவிட்டு, கடிகாரம் பிடித்த கையாலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பொத்தானை அழுத்த மறந்துவிட்டார். நினைவு வந்தபோது நீலாயதாட்சி சுடுகாட்டில் இருந்தார், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே மறு ஓட்டம். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அதே பாதையில். இந்த முறை மாலை வேண்டாம் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. தப்புக் குழுவையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறது.

ஐயா, ஒரு கேள்வி. உங்களுக்கு முன்வரிசையில் அதே நாற்காலி. வருவது உயிருள்ள நீலாயதாட்சி என்று இப்போது உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பீர்களா?

என்ன சொன்னார்? பின்னால் கேட்கவில்லையாம், நான் சொல்கிறேன். "எந்திரிச்சா என்னய்யா இப்ப?" என்கிறார்.

இது பதிலா, கேள்வியா என்று தெரியவில்லை. ஆகவே அவர் எழுவார் என்று நான் எழுத மாட்டேன், எழமாட்டார் என்றும் எழுத மாட்டேன். உறுதி செய்யப்படாத அந்தச் செய்தி ஞாயிறு காலை ஏழு மணிக்கு உறுதியாகும். எல்லோரும் வாருங்கள். பெரிய ரோட்டில் நெல் காய்கிறது, சுற்றிக்கொண்டு வர வேண்டாம். கேட் வழியாகவே வாருங்கள், திறந்துதான் இருக்கிறது. நான் இப்போது அந்த வழியாகத்தான் வந்தேன்.

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும், ஒரு தடவைகூடக் கரகரக்காமல் ஒலிபெருக்கி அமைத்த மீரா உசேன் அவர்களுக்கும், படுத்துக்கொண்டே நம்மை எழுந்து நிற்க வைத்த நீலாயதாட்சிக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, கைகூப்பி, என் நாற்காலிக்குத் திரும்புகிறேன். வணக்கம்.